பதில் தெரியாதவருக்கு ஜெப்பர்டி: ஒரு வாரப் பந்தயக் கணக்கு

நவம்பர் மாதம் அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நடைப்பயிற்சி கிடையாது, வாசலில் நின்று யாரோடும் பேச்சு கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு 7ஆம் எண் சேனலில் 'ஜெப்பர்டி' வரும், மூன்று பேர் மோதும் வினாடி வினா நிகழ்ச்சி. அரை மணி நேரம். மாப்பிள்ளையும் பேத்தி யாழினியும் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக் கத்துவார்கள். நானும் என் வீட்டுக்காரியும் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கேள்விகள் எனக்கு எட்டாதவை. பேஸ்பால், பைபிள், பிராட்வே நாடகம், எந்த மாநிலத்துக்கு எந்தப் பறவை. முதல் பத்து நாளில் நான் சொன்ன ஒரே சரியான பதில் 'இலங்கை'. அதையும் செல்லாது என்றுவிட்டாள் பேத்தி. அங்கே பதிலைக் கேள்வியாகச் சொல்ல வேண்டுமாம்: 'இலங்கை என்றால் என்ன?' என்பதுபோல. 1964இல் மெர்வ் கிரிஃபின் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கியபோதே போட்ட விதி அது.

பதினோராவது நாள் கேள்விகளைக் கேட்பதை விட்டுவிட்டு, போட்டியாளர்களின் மேடைக்கு முன்னால் ஓடும் எண்களை மட்டும் பார்த்தேன். விருதுநகரில் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். எண் ஓடினால் கண் தானாகப் போகும். அன்றைக்குப் புரிந்தது: இது ஒரு ஆட்டமல்ல, இரண்டு. ஒன்று, பதில் தெரிகிற ஆட்டம். இன்னொன்று, எவ்வளவு வைப்பது என்கிற ஆட்டம். இரண்டாவதற்கு அமெரிக்க வரலாறு தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும். பதில் தெரிந்தவர்கள் பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

என்னைப்போலப் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரம் போதும், பழகிவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, கூட இரண்டு பேர். கால்குலேட்டர் வேண்டாம், செல்போனை எடுத்தால் விளம்பரம் முடிவதற்குள் அது வேறெங்கோ கூட்டிக்கொண்டு போய்விடும். மூன்று துண்டுச் சீட்டில் இடது, நடு, வலது என்று எழுதிக் குலுக்கிப் போடுங்கள். யாருக்கு எந்தச் சீட்டோ அந்த மேடைக்காரர்தான் அன்றைக்கு உங்கள் ஆள். நமக்கு இடது கைப்பக்கம் நிற்பவர் முந்தைய நாள் ஜெயித்தவர். பதிலை உங்கள் ஆள் சொல்லட்டும், பந்தயத்தை நீங்கள் கட்டுங்கள். கடைசிக் கேள்விக்கு முன்னால் ஒரு விளம்பர இடைவேளை வரும். அதில் உங்கள் ஆளிடம் இருக்கும் பணத்தை வைத்து உங்கள் தொகையை எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். அவர் பதில் சரியானால் உங்கள் தொகை கூடும், தப்பானால் கழியும். நம் கணக்கில் யார் மேலே வருகிறாரோ அவருக்கு மறுநாள் பாத்திரம் கழுவுவதிலிருந்து விலக்கு.

திங்கட்கிழமை பந்தயம் எதுவும் கட்டாதீர்கள். எண்களை மட்டும் எழுதுங்கள். பலகையில் ஆறு தலைப்பு, தலைப்புக்கு ஐந்து கட்டம். முதல் சுற்றில் 200 டாலரிலிருந்து 1,000 வரை, இரண்டாம் சுற்றில் 400இலிருந்து 2,000 வரை. சரியென்றால் ஏறும், தப்பென்றால் இறங்கும், பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பந்தயம் கட்டும் இடம் இரண்டு. ஒன்று 'டெய்லி டபுள்': முதல் சுற்றில் ஒரு கட்டத்திலும் இரண்டாம் சுற்றில் இரண்டு கட்டங்களிலும் ஒளிந்திருக்கும், அந்தக் கட்டத்தை எடுத்தவர் மட்டும் தொகை கட்டிப் பதில் சொல்வார். இன்னொன்று 'ஃபைனல்': கடைசியாக ஒரே கேள்வி, தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு இடைவேளை விடுவார்கள், கேள்வியைப் பார்க்கும் முன்பே தொகையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு 30 விநாடி, அந்தப் பிரபலமான இசை. கையில் பணம் இல்லாதவருக்கு ஃபைனல் கிடையாது.

ஒரு விஷயம் தெரிந்தால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை நாம் பார்ப்பது ஒரே நாளில் எடுத்தது. கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டியில் உள்ள சோனி ஸ்டுடியோவில் ஒரு நாளைக்கு ஐந்து நிகழ்ச்சி எடுக்கிறார்கள். ஜெயித்தவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து 'மறுநாள்' ஆட்டத்துக்கு நிற்கிறார். அதனால் திங்களிலிருந்து ஜெயித்துவரும் ஒருவர் வெள்ளியன்று தப்புத்தப்பாகப் பந்தயம் கட்டினால், அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மார்ச் 31 அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பேரேடு கூட்டியவனுக்கு அந்த முகம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடம், முன்னணியில் இருப்பவர் கட்ட வேண்டிய தொகை. இரண்டாவது ஆளின் பணத்தை இரண்டால் பெருக்கு, ஒன்று கூட்டு, உன் பணத்தைக் கழி. அவ்வளவுதான். அவர் மொத்தத்தையும் வைத்து ஜெயித்தாலும் நீ ஒரு டாலர் மேலே நிற்பாய்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான ஆட்டம். தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்து 25,20,700 டாலர் சேர்த்திருந்தார் கென் ஜென்னிங்ஸ். அவர்தான் இப்போது தொகுப்பாளர். அன்று இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுளிலும் தப்பாகச் சொல்லி 10,200 டாலரை விட்டார். ஃபைனலுக்கு வரும்போது அவரிடம் 14,400, நான்சி ஸெர்க் என்பவரிடம் 10,000. பத்தாயிரம் இரட்டிப்பானால் 20,000, கூட ஒன்று 20,001, அதில் 14,400 போனால் 5,601. ஜென்னிங்ஸ் வைத்ததும் 5,601தான். ஒரு டாலர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆனால் பதில் தப்பு. பருவகாலத்துக்கு மட்டும் 70,000 அலுவலக ஊழியர்களை எடுக்கும் நிறுவனம் எது என்பதுதான் கேள்வி. அவர் ஃபெடெக்ஸ் என்றார். வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் ஹெச் அண்ட் ஆர் பிளாக்தான் விடை. மிச்சம் 8,799. நான்சி 4,401 வைத்துச் சரியாகச் சொல்லி 14,401 ஆக முடித்தார்.

இங்கேதான் பேனாவை எடுங்கள். நான்சி ஏன் 4,401 வைத்தார்? ஜென்னிங்ஸ் ஒன்றுமே வைக்காமல் நின்றால் அந்த 14,400ஐ ஒரு டாலரில் தாண்டலாம் என்று. ஆனால் ஜென்னிங்ஸ் அப்படி நிற்கிற ஆளில்லை. 5,601 வைப்பார், தப்பினால் 8,799க்கு வருவார் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அந்த இரண்டு பேருக்குள் மட்டும் பார்த்தால், நான்சி 1,200 வரை எதை வைத்திருந்தாலும் தன் பதில் தப்பாகிப்போனால்கூட ஜெயித்திருப்பார். 4,401 வைத்ததால் அவரும் சரியாகச் சொல்லியாக வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டார், வரலாற்றில் நிற்கிறார். நான் இருபது வருடம் கழித்து சோபாவில் உட்கார்ந்து குற்றம் சொல்கிறேன்.

புதன்கிழமை இதையே வீட்டில் நேரில் பார்த்தோம். என் வீட்டுக்காரி இந்த ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "தருமர் வச்சு விளையாடி என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" என்பாள். கையிலிருந்து காசு போடவில்லை, அங்கேயே சம்பாதித்ததைத்தான் அங்கேயே வைக்கிறார்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்று யாழினிக்கு வீட்டுப்பாடம். ஆள் குறைகிறதென்று இழுத்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளைக்கு முன்னணி மேடை, 15,000. அவளுக்கு நடு மேடை, 11,000. எனக்கு வலது ஓரம், 3,000.

"அத்தை, எவ்வளவு எழுதுறீங்க?"

"இருக்கிறது இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் ஒண்ணும் வைக்கல."

மாப்பிள்ளை முறைப்படி 7,001 எழுதினார். நான் மொத்தத்தையும் வைத்தேன், வேறு வழியில்லை. பதில் மூன்று பேருக்கும் தப்பு. மாப்பிள்ளை 7,999. நான் பூஜ்யம். அவள் 11,000.

"ஒண்ணுமே பண்ணாம ஜெயிச்சுட்டாங்க மாமா!" என்றார் மாப்பிள்ளை.

ஒன்றும் பண்ணாமல் இல்லை. இந்த ஆட்டத்தை ஆராய்கிறவர்கள் மூன்றில் இரண்டு பங்கு விதி என்று சொல்வதை அவள் தெரியாமலே பண்ணியிருந்தாள். இரண்டாவது ஆளிடம் முன்னணி ஆளின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ இருந்தால், பந்தயத்தைச் சுருக்கலாம். முன்னணி ஆள் உன்னைத் தடுக்க வைக்கும் தொகை பெரியது. அது தப்பினால் அவர் உனக்குக் கீழே விழுவார். 15,000இல் மூன்றில் இரண்டு 10,000, அவளிடம் 11,000. ஃபைனல் கேள்விக்குப் போட்டியாளர்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொல்கிறார்கள். ஆக முன்னணி ஆள் தப்பும் வாய்ப்பு சாதாரணமானதல்ல. அது நடக்கும்போது நீ அங்கே நிற்க வேண்டும்.

மூன்றில் இரண்டுக்குக் கீழே இருந்தால் இந்த வித்தை செல்லாது. அப்போது தைரியமாக வைக்க வேண்டியதுதான். இரண்டாம் இடத்துக்கு 3,000 டாலர், மூன்றாம் இடத்துக்கு 2,000. 2023 வரை இதுவும் 2,000, 1,000ஆகத்தான் இருந்தது. ஜெயித்தவருக்கு மட்டும்தான் மேடையில் காட்டும் பணம் முழுசாகக் கிடைக்கும், வரி போக. அதனால் இரண்டாம் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பயந்து பயந்து வைப்பதில் புண்ணியமில்லை.

ஒரு எளிய நிலைமையும் உண்டு. முன்னணி ஆளிடம் இரண்டாவது ஆளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் ஆட்டம் முடிந்தது. 20,000க்கு 9,000 என்றால் 1,999 வரை எதையும் வைக்கலாம், அதற்கு மேல் ஒரு டாலரும் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஆகும் நாட்களில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். தோசைக்கு அடுப்பு பற்றவைக்க நல்ல நேரம்.

வியாழன் அன்று இரண்டாம் இடத்துப் பந்தயத்தின் உச்சியைப் படியுங்கள். இதை மட்டும் நான் நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

2019 ஜூன் 3. லாஸ் வேகஸில் விளையாட்டுப் பந்தயமே தொழிலாக வைத்திருந்த ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் 32 ஆட்டம் ஜெயித்து 24,62,216 டாலரோடு நிற்கிறார். ஜென்னிங்ஸின் மொத்தத்தைத் தொட இன்னும் 58,484தான் பாக்கி, அவருக்கு ஒரு நல்ல நாள் போதும். எதிரே எம்மா போய்ட்சர், சிகாகோ பல்கலைக்கழக நூலகர். ஜெப்பர்டி கேள்விகளின் கடினத்தைக் கணிப்பது பற்றியே முதுகலை ஆய்வு எழுதியவர் என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுளும் எம்மாவிடம் மாட்டின. ஃபைனலில் எம்மா 26,600, ஜேம்ஸ் 23,400, மூன்றாவது ஆள் 11,000.

ஜேம்ஸ் வைத்தது 1,399.

நாடே கொதித்தது. இவ்வளவு பெரிய சூதாடி, இவ்வளவுதான் வைப்பானா, வேண்டுமென்றே தோற்றான் என்று பேசினார்கள். மாப்பிள்ளையும் அந்தக் கட்சிதான், அன்றைக்கு அவர் நேரில் பார்த்தவராம். நான் நோட்டை விரித்தேன்.

எம்மா முறைப்படி கட்டுவார்: 23,400 இரட்டிப்பு 46,800, கூட ஒன்று 46,801, அதில் 26,600 போனால் 20,201. அப்படியே வைத்தார். எம்மா சரியாகச் சொன்னால் 46,801. ஜேம்ஸ் மொத்தத்தையும் வைத்துச் சரியாகச் சொன்னாலும் 46,800. ஆக எம்மா சரியென்றால் ஜேம்ஸ் என்ன வைத்தாலும் தோல்விதான். அந்தக் கதையை மூடிவிடுங்கள். எம்மா தப்பென்றால் 6,399க்கு விழுவார். அப்போது ஜேம்ஸுக்குப் பயம் எம்மா அல்ல, மூன்றாவது ஆள். அவர் 11,000ஐயும் வைத்து ஜெயித்தால் 22,000. ஜேம்ஸ் தன் பதில் தப்பிப்போனாலும் அதற்கு மேலே நிற்க வேண்டும். 23,400இலிருந்து 1,399ஐக் கழித்துப் பாருங்கள். 22,001.

மாப்பிள்ளை நோட்டை வாங்கி மூன்று தடவை கழித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஐந்து வருடக் கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கேள்வி ஷேக்ஸ்பியர் காலத்தைப் பற்றியது, விடை கிறிஸ்டோபர் மார்லோ, மூன்று பேருமே சரியாகச் சொன்னார்கள். எம்மா 46,801, ஜேம்ஸ் 24,799. தோற்ற பந்தயத்தில் நான் பார்த்த மிக அழகான எண் அந்த 1,399தான். நாங்கள் கேஷ் டாலி ஆகும்போது ஒரு பைசா பிசகாமல் நின்றால் பேனாவை மூடி வைப்போமே, அந்த மாதிரி.

சரி, டெய்லி டபுளுக்கு வருவோம். இதில் சூத்திரம் கிடையாது, மனசும் சேரும். விதிகள் இவை: குறைந்தது 5 டாலர். அதிகபட்சம் கையில் உள்ள அத்தனையும். கையில் குறைவாக இருந்தால் முதல் சுற்றில் 1,000 வரையும் இரண்டாம் சுற்றில் 2,000 வரையும் வைக்கலாம், கடனில் இருந்தாலும்கூட. வேறெங்கே கடன்காரனுக்கு மேலும் கடன் கொடுப்பார்கள்? (கூட்டுறவு வங்கியில் கொடுத்தோம். அது வேறு கதை.) அப்புறம் 69, 666, 14, 88, 1,488 ஆகிய தொகைகளை வைக்க விடுவதில்லை. ஒன்று ஆபாசக் குறி, ஒன்று சாத்தானின் எண், மற்றவை வெள்ளை இனவெறிக் கும்பல்களின் அடையாள எண்கள். யாழினியிடம் காரணத்தை முழுதாகச் சொல்லாமல் "தாத்தாவுக்கும் தெரியாது" என்றுவிட்டேன்.

எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்த்தால், மேல் வரிசையில் கிட்டத்தட்ட இருக்காது, நாலாவது வரிசையில்தான் அடிக்கடி. இரண்டாம் சுற்றில் ஒரே தலைப்பில் இரண்டும் வராது. ஒன்று கிடைத்துவிட்டால் அந்தப் பத்தியை மனசில் அடித்துவிட்டு மற்றதைத் தேடலாம்.

எவ்வளவு வைப்பது? பெரும்பாலோர் 1,000, 2,000 என்று தட்டையாக ஒரு எண் சொல்கிறார்கள். பாத்திரக் கடையில் விலை கேட்பதுபோல. உங்கள் ஆளுக்கு அந்தத் தலைப்பில் மூன்றில் இரண்டு சரியாக வரும் என்று தெரிந்தால், 5,000 வீதம் மூன்று தடவை வைத்தால் 10,000 வரும், 5,000 போகும். கணக்கு பெரிதாக வைக்கத்தான் சொல்கிறது. ஹோல்ஸ்ஹவர் இதைத்தான் செய்தார். எல்லாரும் 200 டாலர் கட்டத்திலிருந்து பயபக்தியோடு இறங்குவார்கள். அவர் அடி வரிசையின் 1,000 டாலர் கட்டங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கை நிறைந்த பிறகு டெய்லி டபுளைத் தேடிப்போய் மொத்தத்தையும் வைத்தார். 2019 ஏப்ரல் 9 அன்று ஃபைனலுக்கு வரும்போது 72,600 வைத்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. அதில் 38,314ஐ வைத்து 1,10,914 ஆக முடித்தார். அது அவர் மகள் பிறந்த தேதி, 2014 நவம்பர் 9, அமெரிக்க முறையில் எழுதினால் 11-09-14. எட்டு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற 77,000 டாலர் ஒருநாள் சாதனையை உடைத்துக்கொண்டே மகளுக்கு வாழ்த்தும் சொன்னார். எங்கள் யாழினி தன் பிறந்த தேதியை வைத்து அப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருக்கிறாள். பிப்ரவரியில் பிறந்தவள், 20,000 சில்லறையே போதும்.

சிறிதாக வைக்க வேண்டிய இடமும் உண்டு. 2014இல் ஆர்தர் சூ என்பவர் விளையாட்டுத் தலைப்பில் டெய்லி டபுளில் மாட்டிக்கொண்டு 5 டாலர் வைத்தார். கேள்வி முடிந்ததும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கட்டத்தை அவர் தேடிப்போனதே மற்றவர் கையில் சிக்காமல் இருக்கத்தான். என் மனசுக்குப் பிடித்த ஆள். 11 ஆட்டம் ஜெயித்தார்.

இயந்திரமும் இப்படித்தான் கட்டியது. 2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன் கணினி ஜென்னிங்ஸோடும் இன்னொரு பழைய சாம்பியன் பிராட் ரட்டரோடும் மோதியது. டெய்லி டபுளுக்கு 6,435 என்று சொன்னபோது அரங்கமே சிரித்தது. மனுஷன் ஆயிரக்கணக்கில் முழு எண்ணாகச் சொல்வான், அதற்கு ஏது முழு எண் ஆசை. ஃபைனலில் தலைப்பு 'அமெரிக்க நகரங்கள்'. அது சொன்ன பதில் டொராண்டோ, கனடாவில் இருப்பது. இந்தியாவில் உள்ள ஆறு என்று கேட்டால் தேம்ஸ் என்ற மாதிரி. ஆனால் 36,681 வைத்திருந்த அது பந்தயமாக வைத்தது வெறும் 947. மானம் போயிற்று, பணம் போகவில்லை. தலைப்பில் சந்தேகம் என்றால் என் நோட்டில் இப்போதும் '947' என்றுதான் குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு முறை: டெய்லி டபுள் வந்ததும், அந்த மேடைக்குரியவர் போட்டியாளர் வாய் திறப்பதற்குள் தொகையைக் கத்த வேண்டும். பிந்தினால் 5 டாலர் என்று எழுதப்படும். இதற்குத் தனிப் பத்தி, வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டுவோம். மாப்பிள்ளை எப்போதும் பிந்துவார். ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமைக்கு மிச்சமிருப்பது சமன். முன்பு இரண்டு பேர் சமமாக முடித்தால் இரண்டு பேருக்கும் பணம், இரண்டு பேரும் மறுநாள் வரலாம். அந்தக் காலத்தில் அந்த 'கூட ஒன்று' அவசியமில்லை. 2007 மார்ச் 16 அன்று ஸ்காட் வைஸ் என்பவரிடம் 13,400, மற்ற இரண்டு பேரிடமும் ஆளுக்கு 8,000. சூத்திரப்படி 2,601 வைக்க வேண்டும். அவர் 2,600 வைத்தார். மூன்று பேரும் சரி, மூன்று பேரும் 16,000. ஒரு டாலரைத் தெரிந்தே குறைத்து இரண்டு பேருக்குப் பதினாறாயிரம் வாங்கிக் கொடுத்தார். இதுவரை யாரும் செய்யாததைச் செய்து பார்க்க ஆசையாம். இப்போது விதி மாறிவிட்டது. சமன் ஆனால் இன்னொரு கேள்வி, முதலில் பட்டனை அழுத்திச் சரியாகச் சொல்பவர் ஜெயிக்கிறார். எனவே ஒன்று கூட்ட மறக்காதீர்கள். நான் ஒரு நாள் மறந்து யாழினியோடு சமனில் மாட்டினேன். "தாத்தா, டை பிரேக்கர்!" என்று ஒரு கணக்குக் கேட்டாள், 17 பெருக்கல் 18. என்னிடம் போய்.

மூன்று பேரும் எல்லாவற்றையும் வைத்து மூன்று பேரும் தப்பாகச் சொன்ன நாளும் உண்டு, 2016 ஜனவரியில். மேடை முழுக்கப் பூஜ்யம், வெற்றியாளரே கிடையாது. மறுநாள் மூன்று புது ஆட்கள் வந்தார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் ஒரே ஒரு டாலரைக் கையில் மிச்சம் வைத்திருந்தால் போதும். மூன்றாவது மேடை உங்களுக்கு விழும் நாட்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் புதன்கிழமை நினைத்திருக்க வேண்டும்.

ஜனவரி கடைசியில் ஊருக்குத் திரும்பிவிட்டோம். நோட்டை யாழினி தரமாட்டேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அங்கே சாயங்காலம் ஏழரை ஆகப் போகும்போது விருதுநகரில் விடியற்காலை ஆறு ஆகப் போகும். நான் ஐந்துக்கே எழுந்துவிடுவேன். ஃபைனலுக்கு முந்தைய விளம்பரத்தில் வாட்ஸ்அப் அடிக்கும். அதற்குள் பாலை அடுப்பில் வைத்திருப்பேன்.

"14,200, 9,600, 4,200. நீங்க நடுவுல தாத்தா. சீக்கிரம்."

14,200இல் மூன்றில் இரண்டு 9,467, தாண்டியிருக்கிறோம். முதல் ஆள் 5,001 வைப்பான். தப்பினால் 9,199. மூன்றாவது ஆள் இரட்டித்தாலும் 8,400தான்.

"நானூறு" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முப்பது விநாடி இசை போனிலேயே கேட்டது. பால் பொங்கி வழிந்துவிட்டது.